பக்கற் சாப்பாட்டால் நாய், பூனைக்குக் கேடு வந்தால்: யாழ்ப்பாணத்தில் எந்த வழி எதற்கு உதவும்?

முதலில் ஒரு கணக்கு. ஐந்து கிலோ நிறையுள்ள பொமேரியன் ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 90 கிராம் உலர் தீவனம் தின்னும். மலிவாக வரும் என்று 15 கிலோ மூடையாக வாங்கினால் அது ஐந்தரை மாதம் போகும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தருகிற அவகாசமோ மூன்றே மாதம். அதுவும் நாய்க்கு வருத்தம் வந்த நாளில் இருந்து அல்ல, மூடையை வாங்கிய நாளில் இருந்து. மூடையின் அடியில் இன்னும் ஆறேழு கிலோ கிடக்கும்போதே காலம் முடிந்துவிடும்.

தீவனம் செய்தவரைப் பொறுப்புச் சொல்ல வைப்பதற்கு யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு காரணத்தால் அடைபடுகிறது. ஒன்று திகதியால், ஒன்று பற்றுச்சீட்டு இல்லாததால், ஒன்று செத்த நாயை அன்று பின்னேரமே பின்வளவில் தாட்டுவிடுவதால்.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு நாயோ பூனையோ பாதிக்கப்பட்ட சாதாரண வீடு ஒன்று, ஒரே கிழமைக்குள் இரண்டு வேலையைச் செய்வதுதான் புத்தி: இறக்குமதியாளருக்கு எழுத்தில் அறிவிப்பது, அரச கால்நடை வைத்தியர் ஊடாகத் தீவனப் பதிவாளருக்குத் தெரியப்படுத்துவது. முதலாவது காசுக்கு. இரண்டாவது அதே தொகுதி மற்ற வீடுகளுக்குப் போகாமல் மறிக்க. அதிகார சபை முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் போட்டு வைக்க வேண்டும். இறக்குமதியாளர் நல்லவிதமாகப் பேசுகிறார் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. நீதிமன்றம், பலர் சேர்ந்தால் அல்லது இழப்பு உண்மையிலேயே பெரிதென்றால். பேஸ்புக் எல்லாவற்றுக்கும் பிறகு.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், எந்த வழிக்குப் போனாலும் தேவைப்படும் சான்றுகளைப் பற்றிப் பேச வேண்டும். இந்த விடயத்தில் தோற்பவர்களில் அநேகர் தோற்பது சட்டத்தில் அல்ல, முதல் இரண்டு நாளில்.

பை, உடல், காகிதம்

கடைக்காரர் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் சொல்வார்: "பையைக் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்." மாற்றினால் அத்தோடு கதை முடிந்தது. பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். படம் எடுத்துக் காட்டினால் போதும்.

தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் உலர் தீவனப் பைகளில் பொதுவாக மேல் தையலுக்குக் கிட்டவோ அடி மடிப்பிலோ மையால் அடிக்கப்பட்டிருக்கும். பையைத் திறக்கும்போது பலர் வெட்டி எறிகிற மேல் கீற்று அதுதான். ரின் என்றால் அடியில், சிலவற்றில் மை இல்லாமல் அழுத்திய எழுத்தில் இருக்கும். ஒரு பக்கத்தில் இருந்து ரோர்ச் வெளிச்சம் விழவைத்துப் படம் எடுத்தால் தெளியும். அந்த இலக்கம் இல்லாத பை யாரையும் கட்டுப்படுத்தாது. உற்பத்தியாளர் தன் பதிவேட்டில் தேடுவது பெயரை அல்ல, இலக்கத்தை.

அடுத்தது இறக்குமதியாளரின் ஸ்ரிக்கர். வெளிநாட்டுப் பையில் இலங்கை இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். அது இல்லாத பை, பலாலி வழியாகவோ காங்கேசன்துறைக் கப்பலிலோ யாரோ பயணப்பொதியில் கொண்டுவந்து கடைக்குக் கொடுத்ததாக இருக்கலாம். அப்படியான பொருளுக்கு ஏக விநியோகஸ்தர் பொறுப்பேற்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. மிஞ்சுவது கடைக்காரர் மட்டும்.

மூடையை உடைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் தீவனத்தின் நிலை இதைவிட மோசம். பொலித்தீன் பையில் தொகுதி இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. திறந்த மூடை மாரி ஈரத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பதற்குக் கணக்கும் இல்லை. உற்பத்தியாளர் ஒரே வரியில் விலகிவிடுவார்: எங்கள் பை முத்திரையோடு வெளியே போனது, உடைத்தது நாங்கள் அல்ல. அவர் சொல்வது நியாயமும்கூட. நிறுத்து வாங்குபவர் காசை மிச்சம் பிடிக்கிறார், உற்பத்தியாளரைப் பிடிக்கும் வழியை விட்டுவிடுகிறார்.

இனி, மிகப் பெறுமதியான ஒரு செலவு. அதே கடையில் அதே தொகுதி இலக்கத்தோடு திறக்காத பை ஒன்று இருந்தால் அன்றைக்கே பற்றுச்சீட்டோடு வாங்கி வையுங்கள். திறந்த பையில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் அது உங்கள் வீட்டுக் குசினியில் பிடித்த பூஞ்சணம் என்று வாதாடலாம். முத்திரை உடையாத பையில் அப்படி வாதாட இடமில்லை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.

திறந்த பையில் மிஞ்சியதை ஒரே இடத்தில் இருந்து அள்ளாமல் மேல், நடு, அடி என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுத்துக் கலந்து, குறைந்தது ஒரு கிலோ வருமாறு செய்து மூன்றாகப் பிரியுங்கள். பூஞ்சணம் விடும் நஞ்சான அஃப்லடொக்சின் தீவனம் முழுதும் சீராகப் பரவியிராது. ஒரு கைப்பிடியில் ஒன்றும் இல்லாமல் அடுத்த கைப்பிடியில் நிறைய இருக்கலாம். ஒரு பங்கு ஆய்வுகூடத்துக்கு, ஒரு பங்கு எதிர்த்தரப்புக் கேட்டால் கொடுக்க, ஒரு பங்கு உங்களுக்கு. பையின் வாயில் ஒட்டுப்போட்டு, அதன் மேல் வைத்தியரின் கையெழுத்தும் திகதியும் விழவேண்டும். வைக்கும் இடம் பிறிட்ஜின் உறைபெட்டி. வெளியில் வைத்தால் பூஞ்சணம் தொடர்ந்து வளரும், அந்த மாதிரி பிறகு எதற்கும் உதவாது.

உடல் விடயத்தில் நேர்மாறு. செத்த பிராணியை உறையவைக்கக் கூடாது. உறைந்து இளகிய ஈரலிலும் சிறுநீரகத்திலும் கலங்கள் சிதைந்துவிடும். நுணுக்குக்காட்டியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. 4 பாகை அளவில் குளிராக வைத்து, முடிந்தால் அன்றே, பிந்தினால் அடுத்த நாள் பிரேத பரிசோதனை நடக்க வேண்டும். நமது வெயிலில் மதியம் செத்த நாய் இருட்டுவதற்குள் ஊதிவிடும். ஈரல், சிறுநீரகம், குடல் என்பவற்றில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காத துண்டுகளை, துண்டைப் போலப் பத்து மடங்கு 10 வீதப் போமலினில் (உடற்பகுதி அழுகாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். இரைப்பையில் உள்ளதும் ஈரலில் இன்னொரு துண்டும் போமலின் படாமல் தனியே உறையவைக்கப்பட வேண்டும். இரசாயனப் பரிசோதனைக்கு அதுதான் வேண்டும். போமலின் போத்தல் ஒன்று மட்டும் கையில் இருந்தால் பாதி வழக்குத்தான் கையில் இருக்கிறது.

அந்தப் போத்தலின் பெறுமதிக்கு உலக அனுபவம் ஒன்று உண்டு. 2004இல் தாய்லாந்தில் செய்யப்பட்ட பெடிகிரி தீவனத்தைத் தின்ற நாய்கள் ஆசிய நாடுகள் பலவற்றில் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. அப்போது பழி பூஞ்சண நஞ்சின் மேல் போடப்பட்டது. 2007இல் கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் 6 கோடிக்கும் அதிகமான ரின்களையும் பைகளையும் மீளப்பெற்றபோதும் முதலில் எலிப்பாஷாணம் என்றுதான் சொன்னார்கள். பிறகுதான் கோதுமைப் பசையில் கலந்திருந்த மெலமைன் என்ற பிளாஸ்ரிக் தயாரிப்பு இரசாயனம் பிடிபட்டது. புரதப் பரிசோதனை உண்மையில் அளப்பது நைதரசனை; மெலமைனில் நைதரசன் மிகுதி; மலிவான மாவைக் கூடிய புரதம் என்று விற்க அதைக் கலந்தார்கள். பத்திரப்படுத்தி வைத்திருந்த 2004ஆம் ஆண்டின் மாதிரிகளை அதன்பின் எடுத்துப் பார்த்தபோது அவற்றிலும் அதே மெலமைனும் சயனூரிக் அமிலமும் இருந்தன. மாதிரி வைத்திருக்காவிட்டால் 2004இன் காரணம் பூஞ்சணம் என்றே நின்றிருக்கும்.

வைத்தியரிடம் என்ன எழுதி வாங்குவது

"தீவனம் நஞ்சானதால் இறந்தது" என்று எழுதித் தரச் சொல்லி வைத்தியரை நெருக்காதீர்கள். அவர் எழுத மாட்டார், எழுதினாலும் அது நிற்காது. அவர் எழுத வேண்டியது இரண்டு: என்ன கண்டார், எதையெதை விலக்கினார்.

இரண்டாவதுதான் யாழ்ப்பாணத்தில் முக்கியம். கண்ணும் முரசும் மஞ்சளாகி, சாப்பிடாமல், சத்தியெடுத்துக்கொண்டு வரும் நாயைப் பார்த்தால் இங்கே எந்த வைத்தியரும் முதலில் நினைப்பது உண்ணிக் காய்ச்சலை. மாரி என்றால் எலிக்காய்ச்சலையும். அஃப்லடொக்சின் ஈரலைத் தாக்கினாலும் தோற்றம் அதேதான். இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்து உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று குறித்திருக்காவிட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு ஒரு கேள்வி போதும்.

மற்ற அறிகுறிகளுக்கும் இப்படியே ஒவ்வொரு தப்பு வழி உண்டு. இரத்தத்தில் கல்சியம் எகிறி, தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீரகம் கெட்டால் விற்றமின் டி கூடியிருக்கலாம். ஆனால் விற்றமின் டி வகை எலிப்பாஷாணமும் அதையே செய்யும். பூனையின் கழுத்துத் தொங்கி நடை தள்ளாடினால் தீவனத்தில் தயமின் (விற்றமின் பி1) குறைந்திருக்கலாம். சில இன மீனைப் பச்சையாகக் கொடுத்து வந்தாலும் அதே குறைபாடு வரும். வளவில் அரளி நிற்கிறதா, தோட்டத்துக்கு மருந்து அடித்தார்களா, சோறும் மீன்தலையும் கொடுத்தீர்களா என்று எல்லாம் கேட்பார்கள். கடைசி இரண்டு கிழமை பிராணி என்ன தின்றது என்பதை நினைவு மங்குவதற்குள் திகதியோடு எழுதி வையுங்கள். மீன்தலை கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஒளித்தது வெளியே வந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

ஆய்வுகூடத்துக்குப் போய் "நஞ்சு இருக்கிறதா பாருங்கள்" என்றால் பார்க்க முடியாது. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனிப் பரிசோதனை, தனிக் கட்டணம். ஈரல் கெட்டிருந்தால் அஃப்லடொக்சின், கல்சியம் கூடியிருந்தால் விற்றமின் டி, சிறுநீரில் பளிங்குகள் தெரிந்தால் மெலமைன் என்று வைத்தியரின் குறிப்பை வைத்தே கேட்க வேண்டும். அஃப்லடொக்சினுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வளர்ப்புப் பிராணித் தீவனத்தில் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 2020 டிசம்பரில் மீளப்பெறத் தொடங்கிய ஸ்போர்ட்மிக்ஸ் தீவனத்தில் 558 வரை இருந்தது. 110க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்த நிர்வாகம் அறிவித்தது. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியவில்லை என்பதை வைத்து ஆறுதலடையாதீர்கள். தீவனம் செய்யும் சூட்டில் பூஞ்சணம் செத்துவிடும், அது முன்பே சோளத்தில் விட்ட நஞ்சு அப்படியே இருக்கும்.

கொழும்பில் தனியார் ஆய்வுகூடங்களும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் உண்டு. உடற்கூற்றுப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடம், கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகம். கண்டி வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். ஐஸ் பெட்டியில் மாதிரி அனுப்புவதென்றால் வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், திங்கள் வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

இறக்குமதியாளருக்கு நேரே எழுதுவது

செலவு பதிவுத் தபால் அளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்: தீவனத்தின் பெயர், நிறை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வாங்கிய கடை, வாங்கிய திகதி, பிராணியின் வயதும் நிறையும், முதல் அறிகுறி தெரிந்த திகதி, வைத்தியரின் குறிப்பின் பிரதி, வைத்தியச் செலவின் கூட்டுத்தொகை, பதிலுக்கு 14 நாள் அவகாசம். கோபத்தை எழுத வேண்டாம். இரண்டு கேள்வி மட்டும் நேராகக் கேளுங்கள்: இந்தத் தொகுதி பற்றி வேறு முறைப்பாடு வந்ததா? இந்தத் தொகுதியில் உற்பத்தியாளர் ஒதுக்கி வைத்த மாதிரி பரிசோதிக்கப்படுமா? ஒழுங்கான உற்பத்தியாளர் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து வைத்திருப்பார். பிரதி ஒன்றைக் கடைக்காரருக்கும், மின்னஞ்சலில் உற்பத்தியாளரின் தலைமையகத்துக்கும் அனுப்புங்கள்.

பதில் வந்தால் பெரும்பாலும் முதல் வேண்டுகோள், "மிஞ்சிய தீவனத்தை எங்கள் ஆள் வந்து எடுப்பார்" என்பது. ஒரு பங்கை மட்டும் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள்.

இந்த வழியின் பலம் வேகம். பெரிய இறக்குமதியாளருக்கு ஒரு நாயின் வைத்தியச் செலவு பெரிய தொகை அல்ல, பெயர் கெடுவதுதான் பெரிது. பலவீனமும் அதுவேதான்: உங்களுக்குக் காசு வரலாம், தொகுதி கடைத் தட்டில் அப்படியே இருக்கலாம்.

தீவனப் பதிவாளர்

1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டத்தின் கீழ் தீவன உற்பத்தி, இறக்குமதி, விற்பனை என்பவற்றை ஒழுங்குபடுத்துவது பேராதனை கெட்டம்பேயில் உள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம். தீவனப் பதிவாளர் இருப்பது அங்கேதான். இந்த வழியில் உங்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆனால் மற்ற எந்த வழிக்கும் இல்லாத ஒன்று இதற்கு உண்டு: அதிகாரம் பெற்ற அலுவலர் கடையிலும் களஞ்சியத்திலும் போய் மாதிரி எடுக்கலாம். அந்த மாதிரியை யாரும் உங்கள் வீட்டுக் குசினியோடு முடிச்சுப் போட முடியாது. பிறகு அதிகார சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் உங்கள் கையில் இருக்கும் மிக உறுதியான தாள் அதுவாக இருக்கும்.

உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதலாம். தனியார் சிகிச்சை நிலையத்தில் காட்டியிருந்தாலும் இந்த அறிவித்தல் அரச அலுவலகத்துக்கே போக வேண்டும்.

சிலர் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஓடுவார்கள். அவர் கையில் இருப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அது மனிதர் உண்ணும் உணவுக்கானது. நாய்த் தீவனத்துக்கு அவரால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை, அங்கே போய் ஒரு கிழமையை வீணாக்க வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை

1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் நட்டஈடு வேண்டுமென்றால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சட்டத்தின் 13ஆம் பிரிவு இரண்டு வகை முறைப்பாட்டை ஏற்கிறது. ஒன்று, அதிகார சபை விதித்த தரத்துக்குப் பொருந்தாத பொருள். மற்றது, உற்பத்தியாளரோ வியாபாரியோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள். உங்கள் முறைப்பாட்டை இரண்டாவதன் மேல் கட்டுங்கள். பையில் "முழுமையான, சமநிலையான உணவு" என்று அச்சிட்டிருந்தால் அதுவே உத்தரவாதம். அந்த வரியைப் படத்தோடு மேற்கோள் காட்டுங்கள். "தரமற்ற தீவனம்" என்று பொதுவாக எழுதினால், எந்தத் தரம் என்ற கேள்வியிலேயே கோவை தூங்கிவிடும்.

விசாரணைக்குப் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, காசைத் திருப்பவோ கட்டளையிட அதிகாரம் உண்டு. சட்டத்தரணி தேவையில்லை. நடைமுறையில் பழுதான கைத்தொலைபேசி போன்ற முறைப்பாடுகளுக்குப் பொருத்தமாக இருக்கும் அளவுக்கு, உயிரியல் காரணம் நிறுவ வேண்டிய முறைப்பாட்டுக்கு இது பொருத்தமானதல்ல. ஆய்வுகூட அறிக்கை இல்லாமல் போனால் பையின் விலை மட்டும் திரும்பி வரக்கூடும். அறிக்கை வரத் தாமதமானால் காத்திருக்காமல் முறைப்பாட்டைக் கொடுத்து, அறிக்கை பின்னர் வரும் என்று குறிப்பிடுங்கள். மூன்று மாதம் என்பது முறைப்பாடு கொடுப்பதற்குத்தான், நிரூபிப்பதற்கு அல்ல.

பெரிய மூடை வாங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே சொல்வது: நாயின் நிறைக்கு ஆறு கிழமையில் முடியக்கூடிய பையை வாங்குங்கள். திறந்து நாளான தீவனத்தில் எண்ணெய் சிக்குப் பிடிப்பதும் குறையும்.

மத்தியஸ்த சபை, பிறகு மாவட்ட நீதிமன்றம்

சிறிய தொகை வழக்குகள் நேரே நீதிமன்றம் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடுதான் போக வேண்டும். சபை சனி, ஞாயிறுகளில் கூடும், சட்டத்தரணிகள் தரப்பாக வாதாட முடியாது, தீர்ப்பும் சொல்லாது. உள்ளூர்க் கடைக்காரரோடு உள்ள பிணக்குக்கு இது அருமையான இடம்: கடையில் முகம் பார்த்துப் பழகிய இருவர், நடுவில் ஊர்ப் பெரியவர்கள், பாதிச் செலவை ஏற்று முடித்துவிடலாம். கொழும்பு இறக்குமதியாளர் ஒருவர் சனிக்கிழமை யாழ்ப்பாணம் வந்து அமர்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சான்றிதழுக்காகப் போகிறோம் என்று நினைத்துப் போங்கள்.

நீதிமன்றத்தில் இரண்டு பாதை. ஒன்று ஒப்பந்தம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று தெரிந்து விற்ற பொருள் அத்தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது. கடைக்காரர் கவலையீனமாக இருந்தார் என்று காட்டத் தேவையில்லை. தீவனம் கெட்டது என்று காட்டினால் போதும். ஆனால் ஒப்பந்தம் உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையில்தான். இங்கேதான் பலர் தயங்குவார்கள்: தப்புச் செய்தவர் எங்கோ இருக்க, கஸ்தூரியார் வீதியில் சின்னக் கடை வைத்திருப்பவரை மறிப்பதா என்று. தயக்கம் நியாயம். அவர் தனக்கு விற்ற விநியோகஸ்தரிடம் அதே உரிமையில் கேட்கலாம் என்பதும் உண்மை.

மற்றது தீங்கியல், அதாவது ஒப்பந்தம் இல்லாதவர் கவலையீனத்தால் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்பது. உற்பத்தியாளரையோ இறக்குமதியாளரையோ நேரே பிடிக்கும் பாதை இதுதான். யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இங்கே வராது, நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம்தான் ஆளும். அவருடைய கவலையீனத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். நாய்த் தீவனத்தில் விற்றமின் டி அளவுக்கு மீறிப்போன ஹில்ஸ் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு விவகாரம் இதற்கு நல்ல பாடம். விற்றமின் கலவையில் பிழை விட்டது வெளியிலிருந்து கொடுத்தவர். ஆனால் வந்த கலவையைத் தன் சொந்த நடைமுறைப்படி சோதிக்காமல் ஏற்றுக்கொண்டது நிறுவனம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதத்தில் எழுதியது. கவலையீனம் பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான் இருக்கும், தொழிற்சாலையின் பதிவேட்டுக்குள். தனி ஒருவரால் அந்தப் பதிவேட்டை வெளியே எடுப்பது கடினம்.

கிடைக்கும் தொகையும் யோசிக்க வேண்டியது. சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. பொருள் இழப்புத்தான் கணக்கு: வைத்தியச் செலவு, நாயின் சந்தை விலை, குட்டி விற்று வந்த வருமானம் நின்றிருந்தால் அது. பிள்ளை மாதிரி வளர்த்த ஊர் நாய்க்குச் சந்தை விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை, துயரத்துக்கு விலை இல்லவே இல்லை. இது இலங்கையில் மட்டும் உள்ள குறை அல்ல. மெனு ஃபூட்ஸ் வழக்கில் 2008இல் 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு இணக்கம் வந்தபோதும் அது பொருளாதார இழப்புக்கே.

மீளப்பெறல் நடந்தாலே வழக்கு வென்றது என்றும் நினைக்க வேண்டாம். 2021இல் பிரித்தானியாவில் பூனைகளின் இரத்தக் கலங்கள் திடீரெனக் குறைந்து இறந்த விவகாரத்தில் ஃபோல்ட் ஹில் தொழிற்சாலையின் தீவனங்கள் மீளப்பெறப்பட்டன. மருத்துவர்கள் அறிந்த 580 பூனைகளில் 63.5 வீதம் இறந்தன. சில மாதிரிகளில் பூஞ்சண நஞ்சும் இருந்தது. அப்படியிருந்தும் தீவனம்தான் காரணம் என்று அதிகாரபூர்வமாக நிறுவப்படவில்லை.

ஆகவே நீதிமன்றம் பலர் சேர்ந்தால்தான் பொருளாகும். ஒரே தொகுதியால் பாதிக்கப்பட்ட பலரின் சார்பில், நீதிமன்ற அனுமதியோடு சிலர் வழக்காடக் குடியியல் நடவடிக்கைக் கோவையின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆய்வுகூடச் செலவும் பங்காகும், "உங்கள் நாய்க்கு வேறு நோய்" என்ற வாதமும் ஒன்பது வீட்டு நாய்க்கும் சொன்னால் எடுபடாது. இறக்குமதியாளர் கொழும்பில் இருந்தாலும் விற்பனை இங்கே நடந்திருந்தால் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைச் சட்டப்படி தீங்கியலுக்கு இரண்டு ஆண்டு, எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு.

பேஸ்புக்

ஆய்வுகூட அறிக்கை வருமுன் "இன்ன கொம்பனி நாயைக் கொன்றது" என்று எழுதினால் வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். அவதூறுக்கு நட்டஈடு கேட்கலாம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அதே தொகுதி வாங்கிய மற்றவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழியும் இல்லை. குற்றம் சாட்டாமல் கேள்வியாகப் போடுங்கள்: இந்தத் தொகுதி இலக்கப் பையை இந்த மாதம் வாங்கியவர்களின் பிராணிகள் நலமா, சத்தி அல்லது மஞ்சள் கண்டால் வைத்தியரிடம் காட்டி எங்களுக்கும் அறிவியுங்கள். பின்னூட்டங்களில் மற்றவர்கள் திட்டினால் அவற்றையும் நீக்குங்கள்.

காசு தருகிறோம் என்று வந்தால்

இறக்குமதியாளர் இணங்கி வரும்போது காசோலையோடு ஒரு தாளும் வரும். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "இதுவே முழுமையான இறுதித் தீர்வு" என்ற வரி எதிர்பார்க்கக்கூடியது. வைத்தியச் செலவு முழுதும் அடங்கியிருந்தால் ஏற்கலாம். பிராணி இன்னும் சிகிச்சையில் இருந்தால் ஏற்க வேண்டாம், சிறுநீரகம் பழுதான நாய்க்குச் செலவு மாதக்கணக்கில் தொடரும். "பொறுப்பை ஏற்காமல் நல்லெண்ண அடிப்படையில்" என்ற வரியும் வரும். உங்களுக்கு அது பெரிய நட்டம் அல்ல, விடலாம். பார்க்க வேண்டியது மூன்றாவது: இந்த விடயத்தை எவருக்கும், எந்த அதிகாரிக்கும் வெளியிடமாட்டேன் என்ற வாசகம். "எந்த அதிகாரிக்கும்" என்பதை வெட்டச் சொல்லுங்கள். தொகையை வெளியே சொல்லமாட்டோம் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். தீவனப் பதிவாளருக்குக் கொடுத்த தகவலை மீளப்பெறச் சொன்னால், எவ்வளவு தொகை என்றாலும், கையெழுத்து வைக்காமல் எழும்பி வரலாம். அந்தத் தொகுதியில் மிஞ்சிய பைகள் அப்போதும் ஏதோவொரு கடைத் தட்டில் இருக்கும்.